டோக்கியோவில் ராமென் சாப்பிடுவது எப்படி: வரிசையில் நிற்பது முதல் கிண்ணத்தைத் திருப்பி வைப்பது வரை

சூப்பில் விழுந்த ராமென் நூடுல்ஸ் யாருக்காகவும் காத்திருக்காது. கொதிக்கும் சூப்பில் ஊறத் தொடங்கிய நொடியிலிருந்து அதன் இழுவைத்தன்மை குறைந்துகொண்டே போகிறது; கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சமைத்தவர் நினைத்த உணவு அங்கே இருக்காது, ஊறிப் பருத்த மாவுக் கயிறுகள்தாம் இருக்கும். ஜப்பானியர் இதை 'நொபிரு' என்பார்கள். நீண்டுபோதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். டோக்கியோ ராமென் கடைகளில் வெளியூர்க்காரர்களுக்கு விநோதமாகத் தோன்றும் வழக்கங்களில் பெரும்பாலானவை, அதாவது உட்காரும் முன்பே பணம் கட்டுவதும், பேச்சைக் குறைத்து உறிஞ்சிச் சாப்பிடுவதும், முடித்தவுடன் எழுந்துவிடுவதும், இந்த அவசரத்தோடு தொடர்புடையவை.

இதோடு கடையின் அளவையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பேர்பெற்ற கடைகள் பலவற்றில் எட்டு அல்லது பத்து இருக்கைகளே இருக்கும். சமைப்பவர் ஒருவர், உதவிக்கு ஒருவர், அவ்வளவுதான். ஒரு கிண்ணத்துக்கு 1000 யென்னுக்கு மேல் வாடிக்கையாளர் கொடுக்க மாட்டார் என்ற எண்ணம் அந்தத் தொழிலில் நெடுங்காலமாக நிலவுகிறது. அதை 'ஆயிரம் யென் சுவர்' என்றே அழைக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அந்தச் சுவரைத் தாண்டிய கடைகள் பெருகிவிட்டன என்றாலும், குறைந்த விலை, குறைந்த இருக்கை என்ற கணக்கில் கடை பிழைக்க வேண்டுமானால் ஒவ்வோர் இருக்கையும் மதிய வேளைக்குள் பலமுறை கைமாற வேண்டும். இது புரிந்துவிட்டால் கீழே சொல்லப்படும் படிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதல் படி: நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான தனிக் கடைகள் காலை 11 மணியளவில் திறந்து, பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு மூடி, மாலை ஐந்து, ஆறு மணிக்கு மீண்டும் திறக்கின்றன. பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை அலுவலகக் கூட்டம் மொத்தமாக வந்து சேரும் என்பதால் பதினொன்றரைக்கு முன்போ ஒன்றரைக்குப் பின்போ போவது நல்லது. ஆனால் மிகவும் தாமதமாகப் போவதிலும் ஆபத்து உண்டு. அன்றைய சூப் தீர்ந்துவிட்டால், அறிவித்த நேரத்துக்கு முன்பே கடையை மூடிவிடுவார்கள். மணிக்கணக்கில் எலும்பைக் கொதிக்க வைத்து எடுக்கும் சூப்பை அவசரத்துக்கு இன்னொரு பானை வைத்துவிட முடியாதல்லவா. வாசலில் 'நொரேன்' எனப்படும் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது, திரையை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் இல்லை என்பது வழக்கமான அடையாளம்.

எந்தக் கடை என்று முடிவு செய்ய இயலாதவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். டோக்கியோ ரயில் நிலையத்தின் யாயெசு பக்க நிலத்தடியில் 'டோக்கியோ ராமென் ஸ்ட்ரீட்' என்ற பகுதியில் பல பாணிக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சற்றுத் தள்ளிப் போக முடிந்தால், யோக்கோஹாமாவில் 1994இல் திறக்கப்பட்ட ஷின்-யோக்கோஹாமா ராமென் அருங்காட்சியகம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தெருவைப் போல அமைத்த கூடத்தில் வெவ்வேறு ஊர்க் கடைகளின் ராமெனைச் சிறிய கிண்ணங்களில் வாங்கிச் சுவைக்கலாம். உடனடி ராமெனை அண்டோ மொமொஃபுக்கு சந்தைக்குக் கொண்டுவந்த ஆண்டு என்பதால்தான் அந்த 1958.

இரண்டாம் படி: எதைச் சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

ஷோயு, ஷியோ, மீசோ, டொன்கொட்சு என்று நான்கு வகைகளைச் சொல்வது வழக்கம். இந்தப் பட்டியலில் ஒரு சிறு குழப்பம் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முதல் மூன்றும் உப்புச் சுவை எதிலிருந்து வருகிறது என்பதைக் குறிக்கின்றன: ஷோயு என்றால் சோயா சாஸ், ஷியோ என்றால் உப்பு, மீசோ என்றால் புளிக்க வைத்த சோயா விழுது. நான்காவதோ சூப் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. டொன்கொட்சு என்றால் பன்றி எலும்பு. கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படும் செறிவான சுவைச் சாற்றுக்குத் 'தாரே' என்று பெயர். அதன் மீதுதான் சூப்பை ஊற்றுகிறார்கள். ஆகவே டொன்கொட்சு சூப்பில் ஷோயு தாரே கலந்த ராமென் என்று ஒன்று இருப்பதில் முரண் ஏதுமில்லை. யோக்கோஹாமாவில் 1974இல் தொடங்கிய யோஷிமுராயா கடையிலிருந்து கிளைத்த 'இயெக்கெய்' பாணி அப்படிப்பட்டதுதான்.

டோக்கியோவின் பழைய முகம் தெளிந்த ஷோயு ராமென். 1910இல் அசாக்குசாவில் திறக்கப்பட்ட ராய்ராய்க்கென் என்ற கடையிலிருந்துதான் நகரத்து ராமென் கதையை வழக்கமாகத் தொடங்குவார்கள். சீனத்திலிருந்து வந்த உணவு என்பதால் நெடுங்காலம் அதற்குச் சீன நூடுல்ஸ் என்ற பொருளில் 'சூக்கா சோபா' என்றே பெயர். இன்றும் பல பழைய கடைகளின் பலகையில் ராமென் என்ற சொல்லுக்குப் பதிலாக அந்தப் பெயரைத்தான் காண்பீர்கள். மீசோ ராமென் வடக்கே சப்போரோவிலிருந்தும், வெண்மையாகக் கலங்கிய டொன்கொட்சு தெற்கே கியூஷூ தீவிலிருந்தும் வந்தவை. முதல்முறை சாப்பிடுபவர் ஷோயுவிலோ ஷியோவிலோ தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. டொன்கொட்சுவின் கனத்த வாடை பழகாத மூக்குக்குச் சற்று முரட்டுத்தனமாகத் தோன்றலாம்.

நூடுல்ஸின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து முட்டை சேர்த்த மாவு என்று நினைத்துவிட வேண்டாம். சில கடைகள் முட்டை சேர்ப்பதுண்டு என்றாலும், அந்த நிறத்துக்கும் இழுவைக்கும் முதன்மைக் காரணம் 'கன்சுய்' என்னும் காரநீர்; சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டு உப்புகள் கரைந்த அந்த நீர்தான் கோதுமை மாவுக்கு மீள்தன்மை தருகிறது.

சைவர்களும் சில இறைச்சிகளைத் தவிர்ப்பவர்களும் கவனிக்க வேண்டியவை

இதை முன்கூட்டியே அறிந்துகொள்ளாமல் வரிசையில் நின்று ஏமாந்த நம்மவர்கள் பலர். மேலே வைக்கும் பன்றி இறைச்சித் துண்டுகளை, அதாவது 'சாஷு'வை, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ராமென் சைவமாகிவிடாது. சூப் பன்றி எலும்பிலும் கோழி எலும்பிலும் கருவாட்டிலும் எடுக்கப்பட்டது. தாரேயில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். மேலே மிதக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். காய்கறி ராமென் என்று பொருள்படும் பெயர் பலகையில் இருந்தாலும், அது காய்கறிகள் மேலே குவிக்கப்பட்ட இறைச்சிச் சூப்பாகவே பெரும்பாலும் இருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. டோக்கியோ ரயில் நிலையத்தின் ஜேஆர் நுழைவாயிலுக்கு உள்ளேயே, கெய்யோ ஸ்ட்ரீட் பகுதியில், 'டீஸ் டான்டான்' என்ற முழுத் தாவர உணவுக் கடை இருக்கிறது. எள் விழுது சேர்த்த காரமான டான்டான்மென் அதன் சிறப்பு. வண்டி மாறும் இடைவெளியில் சாப்பிட ஏற்ற இடம். ஹலால் உணவு தேடுபவர்களுக்கு அசாக்குசாவில் நரிதாயா போன்ற கடைகள் உள்ளன. மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர்களுக்கு டோக்கியோவில் சிக்கல் குறைவு, ஏனெனில் மாட்டெலும்புச் சூப் பெரும்பான்மை வழக்கமன்று. 'கியூ' என்று ஒலிக்கும் சொல் பெயரில் வந்தால் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பன்றியைத் தவிர்ப்பவர்கள் 'தோரி' எனப்படும் கோழிச் சூப் கடைகளைத் தேடலாம். ஆனால் அங்கேயும் சாஷு பன்றியாக இருக்கக்கூடும் என்பதால் கேட்டுத் தெளிவதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: வரிசை

வரிசையில் நிற்பதற்கு முன்பு, இயந்திரத்தில் பணம் போட்டு டோக்கன் வாங்கிவிட்டு நிற்க வேண்டுமா, நின்றுவிட்டு அழைக்கும்போது வாங்க வேண்டுமா என்பதை அறிந்துகொள்ளுங்கள். கடைக்குக் கடை இது மாறும். கதவருகே அறிவிப்பு ஒட்டியிருக்கும். புரியாவிட்டால் முன்னால் நிற்பவரின் கையில் சிறு சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் சற்று வருத்தமானது. இக்கெபுக்குரோவில் ஒரு சிறிய கடைமுன் நாற்பது நிமிடம் நின்று, வாசலை அடைந்தபோது, உள்ளிருந்தவர் பணிவாக என் முதுகுக்குப் பின்னால் இருந்த இயந்திரத்தைச் சுட்டிக்காட்டினார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு 10,000 யென் தாள். இயந்திரம் அதை இரண்டு முறை விழுங்கி இரண்டு முறையும் நாக்கை நீட்டுவது போலத் திருப்பித் தள்ளியது. எதிரே இருந்த அங்காடிக்கு ஓடி, தேவையில்லாத ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை மாற்றித் திரும்பியபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து எள்ளைத் தூவிக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனேன்.

ஒருவர் இடம் பிடித்து நிற்க, மற்ற நால்வர் பிறகு வந்து சேர்ந்துகொள்வதைப் பெரும்பாலான கடைகள் ஏற்பதில்லை. அடுத்த கடையின் வாசலை மறிக்காமல், வரிசை இரண்டாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தால் அதன் வாலைச் சரியாகக் கண்டுபிடித்து நிற்க வேண்டும். நான்கு பேராகப் போனால் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காம் படி: டோக்கன் இயந்திரம்

பழைய வகை இயந்திரத்தில் முதலில் பணத்தைப் போட வேண்டும். போட்ட தொகைக்குள் அடங்கும் பொத்தான்கள் ஒளிரும். பிறகுதான் அழுத்த முடியும். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. இடது மேல் மூலையில் இருக்கும் பொத்தான், பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பெரியதாக இருக்கும், அக்கடையின் அடையாளமான ராமெனுக்கு உரியது. என்ன செய்வது என்று தெரியாதபோது அதை அழுத்தினால் தவறு நேர்வது அரிது. அதற்குப் பக்கத்தில் அதே பெயருடன் சில நூறு யென் கூடுதலாக இருப்பது, முட்டையும் கூடுதல் இறைச்சியும் சேர்ந்த சிறப்பு வகையாக இருக்கும். கீழ் வரிசைகளில் சிறு பொத்தான்களாகத் தனிச் சேர்மானங்கள் வரும்: சோயா சாற்றில் ஊறிய, மஞ்சள் கரு இளகிய 'அஜிதாமா' முட்டை, பக்குவப்படுத்திய மூங்கில் குருத்தான 'மென்மா', நோரி என்னும் கடற்பாசித் தாள், கூடுதல் நூடுல்ஸான 'ஓமோரி', ஒரு சிறு கிண்ணம் சோறு. முட்டையை மட்டும் தவறவிடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 1000 யென் தாள்களும் 100 யென் நாணயங்களும் கையில் இருப்பது நல்லது. 2024 ஜூலை 3 அன்று ஜப்பான் புதிய தாள்களை வெளியிட்டபோது பழைய இயந்திரங்கள் அவற்றை அடையாளம் காண இயலாமல் போயின. புது இயந்திரம் வாங்குவது சிறு கடைகளுக்குப் பெருஞ்செலவாக அமைந்தது. புதிய தாளை ஏற்காத இயந்திரத்தை இன்றும் நீங்கள் சந்திக்கக்கூடும். தொடுதிரை வகை இயந்திரங்கள் ஆங்கிலத்துக்கு மாறும், அட்டையையும் சுயிக்கா ரயில் அட்டையையும் பெரும்பாலும் ஏற்கும். மீதிச் சில்லறை சில இயந்திரங்களில் தானாக விழாது. அதற்கென்று உள்ள நெம்புகோலைத் திருப்ப வேண்டும். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது இதை மறந்து விட்டுவிட்டு வருவது எளிது.

ஒருவருக்கு ஒரு கிண்ணம் என்பது எழுதப்பட்டும் எழுதப்படாமலும் உள்ள விதி. இருவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்வது அந்தச் சிறு கடையில் ஓர் இருக்கையை இலவசமாக எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

ஐந்தாம் படி: உட்கார்ந்தபின்

'நம்மேய்-சாமா தெசு கா' என்று கேட்டால் எத்தனை பேர் என்று பொருள். விரலைக் காட்டினால் போதும். காட்டிய இருக்கையில் அமர்ந்து, சீட்டை எதிரே உள்ள உயர்ந்த மேடையில் வையுங்கள். பையை வைக்கக் காலடியில் கூடையோ மேசைக்கு அடியில் கொக்கியோ இருக்கும். தண்ணீரை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். குளிர்ந்த நீர் இலவசம். சட்டையில் தெறிக்கும் என்ற கவலை இருந்தால் காகித ஏப்ரன் கிடைக்குமா என்று கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள்.

சீட்டை எடுத்துக்கொள்ளும்போது விரைவாக ஏதோ கேட்பார்கள். கியூஷூவின் ஃபுக்குவோக்கா நகரிலுள்ள ஹக்காதா பகுதியின் பாணிக் கடையென்றால் நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது கேள்வி: 'கத்தா' என்றால் கெட்டி, 'ஃபுட்சூ' என்றால் சாதாரணம், 'யாவா' என்றால் மென்மை, 'பரிகத்தா' என்றால் வெந்ததா இல்லையா என்ற ஐயம் எழும் அளவுக்குக் கெட்டி. இயெக்கெய் கடையென்றால் கெட்டித்தன்மை, சுவையின் செறிவு, எண்ணெயின் அளவு என மூன்று கேள்விகள். எதற்கும் 'ஃபுட்சூ' என்று சொல்லிவிடலாம். முதல் முறை அப்படிச் சொல்வதே சரியும்கூட, ஏனென்றால் சாதாரணம் என்னவென்று தெரியாமல் அதிலிருந்து விலகுவதற்கு அளவுகோல் ஏது? மலைபோல் முட்டைக்கோசும் முளைப்பயறும் பூண்டும் குவிக்கும் ஜீரோ பாணிக் கடைகளுக்கென்று தனிக் கேள்வி இருக்கிறது. கிண்ணத்தைத் தரும் தறுவாயில் 'நின்னிக்கு இரேமாசு கா', பூண்டு போடலாமா, என்பார்கள். அந்தக் கணத்தில்தான் காய்கறி, கொழுப்பு ஆகியவற்றின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடைகளுக்கு இரண்டாம் பயணத்தில் போங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பதைவிடச் சமைப்பவரின் கைகளைப் பார்க்கலாம். கிண்ணத்தை வெந்நீரால் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, தாரேயை ஒரு கரண்டி, நறுமண எண்ணெயை அரைக் கரண்டி ஊற்றி வைப்பார். அலுமினிய வாளி போன்ற ஆழமான வலைக்கரண்டியில் நூடுல்ஸ் குதித்துக்கொண்டிருக்கும். மணி அடிப்பதற்குச் சற்று முன்பு சூப் கிண்ணத்தில் விழும்; வலைக்கரண்டி வெளியே வரும்; கையைத் தலைக்குமேல் உயர்த்தி ஒரே வீச்சாகக் கீழே இறக்கி நீரை உதறுவார், இரண்டு முறை, மூன்று முறை. தரையில் நீர் தெறிக்கும் ஓசை கேட்கும். பிறகு நூடுல்ஸை வழுக்கிவிட்டு, நீண்ட குச்சிகளால் ஒருமுறை தூக்கி மடித்துப் படியவைப்பார், தலைவாரிய கூந்தலைப் போல. இறைச்சி, மென்மா, வெங்காயத் தாள், நோரி என்று எல்லாம் ஏற அரை நிமிடம்கூட ஆகாது.

ஆறாம் படி: சாப்பிடுதல்

கிண்ணம் மேடைமீது வைக்கப்பட்டால் இரண்டு கைகளாலும் பிடித்து நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். கிண்ணம் சுடும், சூப் விளிம்புவரை நிற்கும். 'இத்தாதாக்கிமாசு' என்று தாழ்ந்த குரலில் சொல்லித் தொடங்குவார்கள். படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமைப்பவரும் பக்கத்தில் சாப்பிடுபவரும் படத்தில் விழக் கூடாது. படம் எடுக்கவே கூடாது என்று எழுதி வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

முதலில் 'ரெங்கே' என்னும் பீங்கான் கரண்டியால் சூப்பை ஒரு வாய் குடியுங்கள். மிளகையோ பூண்டையோ தொடுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். அடுத்து நூடுல்ஸைச் சிறு கொத்தாக எடுத்து, ஓசையோடு உறிஞ்சுங்கள். நம் வீட்டில் இப்படிச் சாப்பிட்டால் பெரியவர்கள் முறைப்பார்கள். இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் சூடு ஆறுகிறது, மணமும் மூக்கின் பின்புறமாக ஏறுகிறது. உறிஞ்ச வராதவர்கள் கரண்டியில் சுருட்டி வைத்துச் சாப்பிடலாம், யாரும் குறை சொல்வதில்லை. பாதிக்கு மேல் சாப்பிட்டபின் மேசையில் உள்ளவற்றைச் சேர்க்கலாம்: டொன்கொட்சுவுக்குச் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் அரைத்த எள்ளும், ஷோயுவுக்கு மிளகும் சில சொட்டு வினிகரும் பொருந்தும். காரம் தேடும் நம் நாக்கு மிளகாய் எண்ணெயைத்தான் முதலில் தேடும்; கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹக்காதா பாணியில் நூடுல்ஸ் இழையாக மெலிந்து விரைவில் ஊறிவிடும் என்பதால் ஒரே தடவையில் நிறையப் போடுவதில்லை. ஃபுக்குவோக்காவின் நாகஹாமா மீன்சந்தைப் பகுதியில் வேலைக்காரர்களின் பசிக்கும் அவசரத்துக்கும் ஏற்ப அங்கே வளர்ந்த வழக்கம் 'கயேதாமா'. முதல் நூடுல்ஸ் தீரும்போது, சூப்பைப் பாதிக்குக் குறையாமல் மிச்சம் வைத்துக்கொண்டு, 'கயேதாமா குதாசாய்' என்று கேட்டால், நூறு, நூற்றைம்பது யென்னுக்குப் புதிதாக வேகவைத்த நூடுல்ஸை அதில் போடுவார்கள்.

சூப்பையும் நூடுல்ஸையும் தனித்தனியாகத் தரும் 'ட்சுகெமென்' வேறு கதை. 1955இல் டோக்கியோவின் நக்கானோ தாய்ஷோக்கென் கடையில் யமாகிஷி கசுவோ அதைப் பட்டியலில் சேர்த்தார். குளிர்ந்த நீரில் அலசிய தடித்த நூடுல்ஸைச் செறிவான சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். முழுக் கொத்தையும் முக்காமல் பாதியைத் தோய்ப்பதே போதும், ஏனெனில் சாறு உப்பானது. நூடுல்ஸ் தீர்ந்தபின் 'சூப்பு-வாரி' என்று கேட்டால் மீதிச் சாற்றில் சூடான இளஞ்சூப்பை ஊற்றிக் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். கேட்காதவர்களே அதிகம், எனக்கு அந்தக் கடைசி நாலு மடக்குக்காகத்தான் ட்சுகெமென்.

ராமெனில் சூப் முழுவதையும் குடிப்பது சமைத்தவருக்குச் செய்யும் பாராட்டு என்றாலும், கட்டாயமில்லை. ஒரு கிண்ணத்தில் 5, 6 கிராம் உப்பு இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழ்தான். பாதி சூப்பை மிச்சம் வைப்பதை யாரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை.

ஏழாம் படி: எழுந்து வெளியேறுதல்

கிண்ணத்தையும் தண்ணீர்க் குவளையையும் மேடைமீது தூக்கி வையுங்கள். மேசைத் துணி இருந்தால் முன்னால் சிந்தியதை ஒருமுறை துடைத்துவிடலாம். பணம் முன்பே கட்டியாயிற்று, டிப்ஸ் என்ற வழக்கம் இல்லை. காசை வைத்துவிட்டுப் போனால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருவரை துரத்தி வருவார்கள். உடன் வந்தவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வெளியே போய்க் காத்திருங்கள். எழும்போது உள்ளே இருப்பவரைப் பார்த்து 'கொச்சிசோசாமா தேஷித்தா' என்று சொல்லுங்கள்; வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் உரக்க நன்றி சொல்வார். இழுகதவை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் வரிசையின் முதல் ஆள் உங்கள் சூட்டோடு அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பார்.